பூட்டை உடைங்க மேடம்!

எங்க காலேஜ் லைப்ரரி வாசல்ல ஒரு யோசனைப் பெட்டி. சாவி எங்கேன்னு யாருக்கும் தெரியாது! "ரெஃபரன்ஸ் புக்கை ராத்திரிக்கு மட்டும் கொடுங்க, காலையில 8 மணிக்குத் தந்துடறேன்"னு ஹாஸ்டல் நண்பன் சீட்டு எழுதிப் போட்டான். சொந்தமா வாங்கக் காசில்லை. பதில் வரலை, அரியர்தான் வந்துச்சு.

1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர்.ரங்கநாதன், அதுக்கு முன்னாடி கணக்கு வாத்தியார். 1931-ல் வெளியிட்ட அவரோட ஐந்து விதிகள்ல நாலாவது, வாசகர் நேரத்தைச் சேமிக்கணும்ங்கிறது. அதை ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்காங்க... அந்தப் பெட்டிக்கு நேர் மேல!

போன மாசம் வந்த புது நூலகர் மேடம் பூட்டையே உடைச்சுட்டாங்க. பாதிச் சீட்டுல அதே 'ராத்திரி புக்' கோரிக்கை. இப்போ சாயங்காலம் எடுத்துட்டுப் போகலாம். ரிஜிஸ்டர்ல முதல் கையெழுத்து நண்பனோடது. அரியர் எழுதணுமே!