நந்தா விளக்கும் அறநிலையப் பொருளும்

இலாபம் கருதாது நடைபெறும் நிலையங்கள் அனைத்திற்கும் பொதுவான இடர் ஒன்று உண்டு. கொடை ஒரு நாளில் வருவது. செலவோ நாடோறும் வருவது. பெருஞ்செல்வர் ஒருவர் ஈந்த பொருள் பெட்டகத்திற் கிடக்க, மாத முடிவிற் பணியாளர்க்குக் கூலி கொடுக்கக் கையிற் காசின்றி இடர்ப்படும் நிலையங்கள் எக்காலத்தும் உள. உடைமை மிகுதி வேறு, உரிய வேளையிற் கைக்கு வரும் வருவாய் வேறு என்பதை உணராமையே இதற்குக் காரணமாகும். இவ்வேறுபாட்டை நன்குணர்ந்து செயற்பட்டோர் சோழர் காலத்துக் கோயிற் கருமஞ் செய்தோர் என்பது அக்காலச் சாசனங்களை நோக்குவார்க்குப் புலனாகும்.

கோயிலில் நந்தா விளக்கு ஒன்று எரிவதற்கு நாள்தோறும் உழக்கு நெய் வேண்டும். ஒருவர் பொன்னைக் கொடுத்து, அது தீருமளவும் நெய் வாங்குக என்றால் விளக்கு சில ஆண்டுகளில் அவிந்துவிடும். ஆதலின் விளக்கொன்றுக்குத் தொண்ணூற்றாறு ஆடுகள் விடப்பட்டன. இடையர் அவற்றைப் பெற்று, நாளுக்கு உழக்கு நெய் அளக்கும் கடப்பாட்டை மேற்கொண்டனர். மந்தையிற் பிறக்கும் குட்டிகள் இறப்பவற்றின் இடத்தை நிரப்புமாதலின், கணக்கில் ஆடுகளின் தொகை குறைவதில்லை. ‘சாவா மூவாப் பேராடு’ எனச் சாசனங்கள் கூறுவது இக்கருத்துப் பற்றியே. முதல் குன்றாதிருக்க அதன் பயனை மாத்திரம் நுகர்தல் என்னும் நெறியை இதனினும் சுருங்கச் சொல்லுதல் அரிது.

தஞ்சை இராசராசேச்சரத்தில் இம்முறை மேலும் திருத்தம் பெற்றது. முதலாம் இராசராசன் (985–1014) எடுப்பித்த அக்கோயிலின் கல்வெட்டுக்களின்படி, தொண்ணூற்றாறு ஆடுகளுக்கு ஈடாக நாற்பத்தெட்டுப் பசுக்களோ பதினாறு எருமைகளோ விடப்படலாம். மூன்று ஆடு ஒரு காசு என்னும் விலைப்படி நோக்கின் விளக்கொன்றின் முதல் 32 காசு ஆகும். பசுவும் எருமையும் அதே தொகைக்கே வந்து நிற்கின்றன. கொடை எவ்வுருவில் வரினும் அதனை ஓரளவையாற் கணக்கிடும் பயிற்சி அங்கிருந்தது. நெய்யளவையும் ஆடவல்லான் என்னும் கோயிலின் நிலைமரக்காலைப் பின்பற்றியதே.

காசாக வந்த கொடைகளை நிருவாகத்தார் கருவூலத்தில் வாளா வைத்திருக்கவில்லை. பல ஊர்ச் சபைகளுக்குப் பகிர்ந்து கொடுத்தனர். காசொன்றுக்கு ஆண்டுதோறும் முக்குறுணி நெல் பலிசையாக வரவேண்டும். ஒரு காசுக்கு இருகலம், அஃதாவது இருபத்துநான்கு குறுணி, நெல் விலையாகக் கொள்ளப்பட்டமையின், பலிசை எட்டிலொன்று, நூற்றுக்குப் பன்னிரண்டரை. பலிசையைக் காசாகவன்றி நெல்லாக வாங்கியதன் நுட்பம் கருதத்தக்கது. கோயிலின் செலவிற் பெரும்பகுதி நெல்லாகவே நடந்தது. தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவர்க்கு ஆளுக்கு நூறு கலமாக ஆண்டுதோறும் நாற்பதினாயிரம் கலம் வேண்டியிருந்தது. அதற்கு நிலங்கள் தனியே விடப்பட்டன. செலவு எப்பொருளில் நிகழுமோ அப்பொருளிலேயே வரவையும் அமைத்துக்கொண்டால், விலை ஏறினும் இறங்கினும் நிலையத்துக்கு இடையூறு குறையும். கடனை ஓரூரில் முழுவதும் குவியாது பலவூர்களிற் பரப்பியமையும் அவ்வாறே பயன்தந்திருக்கும்; ஓரூரில் மழை பொய்ப்பினும் மற்றோரூர் கைகொடுக்கும்.

எனினும் இம்முறையில் குறைகளும் இருந்தன. திருமஞ்சன நீரிலிடும் ஏலவரிசிக்கும் செண்பக மொட்டுக்கும் இலாமிச்சுக்குமென ஒருவர் வைத்த காசின் பலிசை அதற்கே உரியது. ஒழுகும் கூரையைப் புதுக்க அதனைத் தொடுதல் தகாது. கொடையாளர் விளக்கையும் மலரையும் விரும்பினர்; பழுது பார்த்தற்கென வைத்தோர் ஒப்பளவிற் சிலரே. இக்காலக் கல்லூரி நிதிக் குழுக்களில் இருந்தவர்க்கு இது புதுமையன்று. பரிசு நிதிகள் பல இருக்கும். கழிப்பிடம் கட்ட ஒன்றும் இராது.

மற்றொரு குறை இதனினும் ஆழமானது. சந்திராதித்தர் உள்ளளவும் பலிசை இறுப்போம் எனச் சபையார் ஒப்புக்கொண்டு பெற்ற காசை ஏரி கல்லவோ நிலந் திருத்தவோ இட்டிருப்பின் அப்பயனிலிருந்து பலிசை எழும். உண்டு தீர்த்திருப்பின் மக்களும் மக்களின் மக்களும் காணாத காசுக்கு நெல் அளக்க நேரும். சபையார் நிலத்தை விற்றுக் கடமை இறுத்த செய்திகள் பிற்காலச் சாசனங்களிற் காணப்படுவது ஈண்டு நினைக்கத்தக்கது. கடன் கொள்வோன் வளரும் வழியை ஆராயாது பலிசையின் உறுதியை மாத்திரம் நோக்கியது கோயிலாரின் பிழை எனலாம்.

கணக்கைப் பார்த்தல் பற்றியும் அக்காலத்தார் சிந்தித்திருந்தனர். உத்தம சோழனின் பதினாறாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த, சென்னை அருங்காட்சிச்சாலையிலுள்ள செப்பேடு, கச்சிப்பேட்டு ஊரகத்துக் கோயிலின் பொன் நெசவாளர் சேரிகளில் வைக்கப்பட்டமையையும், கோயிற் கணக்கை ஆட்டை வாரியத்தாரும் நகரத்தாரும் பார்க்கவேண்டும் என்பதையும் விதிக்கின்றது. பொருளைப் பெற்றோரே தமக்குத் தாம் கணக்குக் காட்டி முடிப்பதற்கு அங்கு இடமில்லை.

ஈழத்திலும் இந்நெறி வழங்கியது. மாதோட்டத்திற் கிடைத்த சோழர் காலத் தமிழ்ச் சாசனமொன்று, கோயிற் காசை எண்ணெய் வாணிகரான சங்கரபாடியாரிடமும் வெற்றிலை வாணிகரிடமும் வாழைக்காய் வாணிகரிடமும் இட்டுவைத்த செய்தியைக் கூறுகின்றது. உழவூர்கள் நெல் அளந்தன. துறைமுகப் பட்டினத்திலோ நாள்தோறும் கைமாறும் வாணிகத்தையே கோயிலார் நம்பினர்.