ஜெயிலைக் கட்டிவிட்டு கைதியைத் தேடி அலைந்த ஊர்!

அமெரிக்காவில் ஒரு சின்ன ஊர். அங்கே புத்தம் புதிய ஜெயில். 464 கைதிகள் தங்கலாம். கட்டில் ரெடி. சமையல்கூடம் ரெடி. சுற்றிலும் முள்கம்பி வேலி ரெடி. இல்லாதது ஒன்றே ஒன்றுதான்.

கைதி!

"எங்க ஊர் ஜெயிலுக்கு ஆள் அனுப்புங்கள்" என்று அந்த ஊர்க்காரர்கள் பல வருஷம் கெஞ்சிப் பார்த்தார்கள். யாரும் அனுப்பவில்லை. கடைசியில் யாருமே வேண்டாம் என்று ஒதுக்கிய கைதிகளைக்கூட "எங்களிடம் தாருங்கள்" என்று கை நீட்டினார்கள். அதுவும் கிடைக்கவில்லை. அதன்பின் ஒரு மோசடிப் பேர்வழியிடம் மாட்டிக்கொண்டு உலகமே சிரிக்கும்படி ஆனார்கள்.

அந்த விசித்திரக் கதை வருமாறு:-

இரண்டு ஆறு கூடும் ஊர்

ஊரின் பெயர் ஹார்டின். அமெரிக்காவின் வடக்கு ஓரத்தில், மொன்டானா மாநிலத்தில் இருக்கிறது. மக்கள் தொகை சுமார் 3,500. நம் ஊரில் ஒரு பெரிய கிராமம் அளவுதான்.

பிக்ஹார்ன், லிட்டில் பிக்ஹார்ன் என்ற இரண்டு ஆறுகள் அங்கே கூடுகின்றன. பக்கத்திலேயே குரோ இனப் பழங்குடி மக்களின் பகுதி. 1876-ம் ஆண்டு கஸ்டர் என்ற அமெரிக்க ராணுவ அதிகாரி பழங்குடி வீரர்களிடம் தோற்று, படையோடு மடிந்த போர்க்களமும் அருகில்தான். அதைப் பார்க்க சுற்றுலாப் பயணிகள் வருவார்கள். பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். ஊரில் வேலை கிடையாது. பிழைப்புக்கு வழி தேடி இளைஞர்கள் வெளியூர் போனார்கள்.

"நம்ம ஊருக்கும் ஒரு தொழில் வரணுமே" என்ற கவலை ஊர்ப் பெரியவர்களுக்கு இருந்தது. அதற்காகவே ஊர் வளர்ச்சி வாரியம் ஒன்று வைத்திருந்தார்கள். அதன் பெயர் "இரு நதிகள் ஆணையம்".

"காசு போடுவது வேறு ஆள்!"

இந்த சமயத்தில்தான் டெக்சாஸ் மாநிலத்தில் இருந்து ஜெயில் கட்டும் கூட்டம் வந்தது. அமெரிக்காவில் ஜெயில் என்பது ஒரு வியாபாரம். 1983-ல் அங்கே முதல் பெரிய தனியார் ஜெயில் கம்பெனி தொடங்கியது. ஒரு கைதிக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று அரசாங்கம் படி அளக்கும். லாட்ஜில் ரூம் வாடகை வாங்குகிற மாதிரிதான். அறை நிரம்பினால் லாபம். காலியாகக் கிடந்தால் நஷ்டம்.

ஹார்டினில் அவர்கள் விரித்த கணக்கு கேட்க இனிமையாக இருந்தது.

"ஜெயில் வந்தால் சுமார் 100 பேருக்கு வேலை. ஊர் கஜானாவில் இருந்து ஒரு காசு போட வேண்டாம். வளர்ச்சி வாரியத்தின் பெயரில் கடன் பத்திரம் வெளியிட்டால் போதும். வெளியூர்ப் பணக்காரர்கள் வாங்கிக்கொள்வார்கள். கைதிகள் மூலம் வரும் வருமானத்தில் கடன் அடைந்துவிடும்."

கசக்குமா? 2006-ல் கடன் பத்திரம் வெளியானது. தொகை 2 கோடியே 70 லட்சம் டாலர்! அன்றைய மதிப்பில் சுமார் 120 கோடி ரூபாய். ஊரில் உள்ள குழந்தை குட்டி எல்லோருக்கும் பங்கு போட்டால் தலைக்கு 7,000 டாலருக்கு மேல் வரும்.

2007-ல் கட்டிடம் எழுந்து நின்றது.

மாநிலம் கையை விரித்தது

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்பார்கள். இவர்கள் வீட்டைக் கட்டிவிட்டார்கள். ஆனால் மாப்பிள்ளை யார் என்று பேசி முடிக்கவில்லை!

ஆம். மாநில அரசு கைதிகளை அனுப்புவதாக எந்த ஒப்பந்தமும் கையெழுத்தாகவில்லை. "கட்டிவிட்டால் தானாக வரும்" என்ற நம்பிக்கைதான் மூலதனம். மாநில அரசோ "எங்களுக்குத் தேவை இல்லை" என்று கையை விரித்துவிட்டது.

சரி, வேறு மாநிலத்துக் கைதிகளைக் கொண்டுவரலாம் என்றால் அதற்கும் முட்டுக்கட்டை. "வெளி மாநிலக் கைதிகளை இந்த ஜெயிலில் வைக்கச் சட்டத்தில் இடம் இல்லை" என்று மாநில அட்டர்னி ஜெனரல் கருத்து சொன்னார். ஊர்க்காரர்கள் தங்கள் மாநிலத்தின் மீதே வழக்குப் போட்டார்கள். 2008-ல் கோர்ட்டு ஊர் பக்கம் தீர்ப்பு சொன்னது.

வழக்கு ஜெயித்தது. ஆனால் கைதி வரவில்லை. அதே 2008-ல் கடன் தவணையும் தவறியது.

குவான்டனாமோ கைதிகளுக்கு அழைப்பு

2009 ஜனவரியில் ஜனாதிபதி ஒபாமா ஓர் உத்தரவு போட்டார். கியூபாவில் உள்ள குவான்டனாமோ ராணுவ முகாமில் அடைத்து வைத்திருந்த பயங்கரவாத சந்தேகக் கைதிகளை ஒரு வருஷத்துக்குள் வேறு இடம் மாற்ற வேண்டும் என்பது அந்த உத்தரவு. "எங்கள் பக்கம் அனுப்பாதே" என்று அமெரிக்காவின் பல ஊர்களும் அலறின.

ஹார்டின் மட்டும் "இங்கே அனுப்புங்கள்" என்றது! 2009 ஏப்ரலில் நகரசபை அதற்காகத் தீர்மானமே போட்டது.

மொன்டானா மாநிலத்தின் சொந்த செனட்டர்களே எதிர்த்தார்கள். அந்த யோசனை அப்படியே படுத்துவிட்டது.

கறுப்புக் காரில் வந்த ஆபத்பாந்தவன்

கடனில் மூழ்குகிறவன் கையில் எது பட்டாலும் பிடிப்பான். 2009 செப்டம்பரில் கலிபோர்னியாவில் இருந்து மைக்கேல் ஹில்டன் என்பவர் வந்தார். "அமெரிக்கன் போலீஸ் போர்ஸ்" என்ற கம்பெனியின் தலைவர் என்றார். ஜெயிலை நான் எடுத்து நடத்துகிறேன், போலீஸ், ராணுவப் பயிற்சிக்கூடமும் கட்டுகிறேன் என்றார்.

அவரோடு கறுப்பு நிற பென்ஸ் கார்கள் வந்தன. கார் கதவில் "ஹார்டின் நகரப் போலீஸ்" என்று ஸ்டிக்கர். இதில் வேடிக்கை என்ன தெரியுமா? ஹார்டினுக்கு அப்போது சொந்தப் போலீசே கிடையாது! வட்டார ஷெரீப்பின் ஆட்கள்தான் காவல். இல்லாத போலீசின் பெயரில் கார் ஓடுகிறதே என்று ஜனங்கள் கிலி பிடித்துப்போனார்கள்.

பத்திரிகைக்காரர்கள் துருவினார்கள். குட்டு உடைந்தது. ஹில்டன் கலிபோர்னியாவில் மோசடி வழக்குகளில் தண்டனை பெற்று சிறைக்குப் போய் வந்தவர். பல பெயர்களில் உலவியவர். மாநில அட்டர்னி ஜெனரல் விசாரணையில் இறங்கினார். அக்டோபரில் பேரம் முறிந்தது.

ஜெயிலை நடத்த வந்தவரே ஜெயிலில் இருந்தவர்! மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கின கதைதான்.

ஏழு வருஷம் பூட்டு

2007-ல் கட்டிய ஜெயில் 2014 வரை பூட்டியே கிடந்தது. 2014-ல் லூசியானா மாநிலக் கம்பெனி ஒன்று எடுத்துத் திறந்தது. எதிர்பார்த்த அளவு கைதிகள் சேரவில்லை. 2016 தொடக்கத்தில் அதுவும் மூடியது. பிற்பாடு, பழங்குடி மக்களுக்கான மத்திய அரசு இலாகா அந்தக் கட்டிடத்தைத் தன் காவல் சிறையாகப் பயன்படுத்தத் தொடங்கியது.

கைதிகளின் வருமானத்தை மட்டுமே ஈடு காட்டிய கடன் என்பதால் ஹார்டின் மக்களின் வரிப் பணத்துக்கு நேரடி ஆபத்து வரவில்லை. பணத்தை இழந்து தவித்தவர்கள் பத்திரம் வாங்கியவர்கள். ஊருக்குக் கிடைத்தது கெட்ட பெயர். எதிர்பார்த்த வேலையும் வரவில்லை.

இன்னொரு ஊர் தப்பவில்லை

டெக்சாஸ் மாநிலத்தில் லிட்டில்பீல்டு என்ற ஊர் அந்த அளவுகூடத் தப்பவில்லை. 2000-ல் 1 கோடியே 10 லட்சம் டாலர் கடனில் ஜெயில் கட்டினார்கள். அங்கே கைதிகள் வந்தார்கள். இடாஹோ மாநிலம் தன் கைதிகளை அனுப்பி வைத்தது. 2008-ல் அந்தக் கைதிகளில் ஒருவர் தனிமைச் சிறையில் தற்கொலை செய்துகொண்டார். இடாஹோ தன் ஆட்களைத் திரும்ப அழைத்துக்கொண்டது. நடத்திய கம்பெனியும் மூட்டை கட்டியது.

கம்பெனி போய்விட்டது. கடன் போகவில்லை! மாதம் 65,000 டாலர் தவணை. ஊர்க்காரர்கள் கட்ட வேண்டியதாயிற்று. சொத்து வரி ஏறியது. தண்ணீர்க் கட்டணம் ஏறியது. நகரசபை ஊழியர்கள் சிலருக்கு வேலை போனது. போலீசுக்கு ஒரு புது கார் வாங்குவதைக்கூட ஒத்திப் போட்டார்கள்.

யார் பையில் லாபம்?

இந்த இரண்டு ஊரிலும் கட்டிடம் கட்டியவர்களுக்குக் கூலி முதலிலேயே கிடைத்துவிட்டது. பிளான் போட்டவர், பத்திரம் விற்றுக் கொடுத்தவர், வக்கீல் - இவர்களுக்கெல்லாம் சம்பளம் கடன் தொகையில் இருந்தே போய்விடும். கைதி வந்தால் என்ன, வராவிட்டால் என்ன? அவர்கள் கணக்கு தீர்ந்துவிட்டது. மிச்சம் நிற்பது ஊரும் கட்டிடமும்தான்.

கடைத்தெருவில் கட்டிடம் கட்டுகிற எந்த முதலாளியும் முதலில் கேட்பது, "வாடகைக்கு யார் வருவார்? அட்வான்ஸ் கொடுத்தாரா?" என்பதுதான். மளிகைக் கடைக்காரருக்குத் தெரிந்த இந்தக் கணக்கை ஒரு ஊரே கேட்க மறந்தது.

இன்னொன்றும் உண்டு. நூல் மில் வந்தால் நூல் அதிகமாக விற்க வேண்டும் என்று ஊர் ஆசைப்படலாம். தப்பு இல்லை. ஜெயிலே ஊரின் பிழைப்பு என்று ஆகிவிட்டால்? குற்றம் குறைந்தால் ஊருக்கு நஷ்டம். கைதி விடுதலையானால் கடைக்காரருக்கு வருத்தம். அடுத்தவன் வீட்டுப் பிள்ளை ஜெயிலுக்குப் போனால்தான் நம் வீட்டில் அடுப்பு எரியும் என்ற நிலை எந்த ஊருக்கும் வரக்கூடாது.

"ஒரு காசு போட வேண்டாம், ஊரே செழிக்கும்" என்று யாராவது பெட்டியோடு வந்தால், கையெழுத்துப் போடும் முன் பெரியவர்கள் ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்:

"ஐயா, இது நஷ்டமானால் நீங்கள் எங்கே இருப்பீர்கள்?"