விக்ராந்த் வேஷம் போட்ட கிழட்டுக் கப்பல்

கிணத்துக்கடவுல இருந்து கடலைப் பார்க்கணும்னா மணிக்கணக்குல போகணும். இருந்தாலும் இன்னிக்கு நாம பேசப் போறது ஒரு போர்க்கப்பலைப் பத்தி: ஐ.என்.எஸ். ராஜ்புத்.

நெட்ல தேடுனா, 1980ல சேர்ந்து 2021ல ஓய்வுபெற்ற ஏவுகணைக் கப்பல்தான் முதல்ல வரும். நம்ம கதை அதே பேர்ல முன்னாடி இருந்த டிஸ்ட்ராயரோடது. பெரிய கப்பல்களுக்குக் காவலா வேகமா ஓடி, நீர்மூழ்கிகளை வேட்டையாடறதுதான் டிஸ்ட்ராயரோட வேலை.

1942ல ஸ்காட்லாந்துல கடல்ல இறங்குனப்போ இதுக்குப் பேர் ராதர்ஹாம். 1945ல சிங்கப்பூர் கடற்படைத் தளத்தை ஜப்பான்காரங்ககிட்ட இருந்து திரும்ப வாங்குனதுல இதுக்குப் பங்குண்டு. 1949ல இந்தியா வாங்கி ராஜ்புத்னு பேர் வெச்சுது.

1971. கப்பலுக்கு வயசு 29, ஓய்வு கொடுக்கற நிலைமை. அப்போ நம்ம ஒரே விமானம் தாங்கிக் கப்பல் விக்ராந்த். அதோட பாய்லர்ல விரிசல், முழு வேகத்துல ஓட முடியாது. அதைத் தேடி கராச்சியில இருந்து பாகிஸ்தான் நீர்மூழ்கி காஜி கிளம்பிருச்சு.

கிழக்குக் கடற்படைத் தளபதி வைஸ் அட்மிரல் கிருஷ்ணன், நாகர்கோவில்காரர். விக்ராந்தை அந்தமான் பக்கம் ஒளிச்சு வெச்சுட்டு, ராஜ்புத்தை விக்ராந்த் மாதிரி நடிக்கச் சொன்னார். எப்படி? உருவத்துல இல்லீங்க, வயர்லெஸ்ல. ஒரு பெரிய கப்பல் அனுப்பற அளவுக்குச் செய்திகள். ஒரு மாலுமி அம்மா உடம்பு எப்படி இருக்குன்னு கேக்கற தந்தியைக்கூட, எதிரி ஒட்டுக்கேக்கட்டும்னே ரகசியக் குறியீடு இல்லாம அனுப்புனதா கிருஷ்ணன் பின்னாடி எழுதியிருக்கார். விசாகப்பட்டினத்துல விக்ராந்துக்குன்னு மளிகை, காய்கறி ஆர்டரும் போச்சு.

டிசம்பர் 3 நள்ளிரவு. துறைமுகத்தை விட்டு வெளிய வந்த ராஜ்புத், நீர்மூழ்கி இருக்கறதா சந்தேகப்பட்டு ரெண்டு டெப்த் சார்ஜ் போட்டுது. தண்ணிக்குள்ள குறிப்பிட்ட ஆழத்துல வெடிக்கற குண்டு அது. கொஞ்ச நேரத்துல பெரிய வெடிச்சத்தம். காஜியும் அதுல இருந்த 93 பேரும் கடலுக்கடியில.

ராஜ்புத்தான் மூழ்கடிச்சுதுன்னு இந்தியா சொல்லுது. தான் விதைச்ச கண்ணிவெடியிலயே காஜி மாட்டியிருக்கலாம்னு பாகிஸ்தான் சொல்லுது. உடைஞ்ச கப்பலைப் பார்த்தவங்ககிட்டயும் ஒத்த கருத்து இல்லை.

ஆனா விக்ராந்த் இல்லாத இடத்துக்கு காஜி வந்துச்சுங்கறதுல சண்டையே இல்லை. அதே டிசம்பர் 4 அன்னிக்கு, விக்ராந்தோட விமானங்கள் காக்ஸ் பஜார்ல குண்டு போட்டுட்டிருந்தது. ராஜ்புத்தை 1976ல உடைச்சு இரும்பாக்கிட்டாங்க.