யூகோஸ்லாவியாவின் இளையோர் கூடைப்பந்து அணி

ஐரோப்பிய இளையோர் கூடைப்பந்துப் போட்டி 1964இல் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் தொடங்கியது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடந்த அந்தப் போட்டியின் முதல் நான்கு பட்டங்களும் சோவியத் யூனியனுக்கே போயின. 1972இல், தன் சொந்த மண்ணான ஸாதார் நகரில், யூகோஸ்லாவியா முதன்முறையாகக் கோப்பையை வென்றது. 1974, 1976 என அடுத்த இரண்டு முறையும் விட்டுக்கொடுக்கவில்லை. பிறகு நான்கு முறை சோவியத், 1986இலும் 1988இலும் மீண்டும் யூகோஸ்லாவியா. 1990இல் இத்தாலி வெல்லும்வரை இந்த இரண்டு நாடுகளைத் தவிர வேறு எவரும் பட்டத்தைத் தொட்டதில்லை.

சோவியத் யூனியன் மாபெரும் வல்லரசு. யூகோஸ்லாவியா அப்படியல்ல. 1981இல் அதன் மக்கள்தொகை ஏறத்தாழ 2.24 கோடி, அதே ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 4.84 கோடி. செர்பியா, குரோஷியா, ஸ்லோவேனியா, போஸ்னியா, மாண்டினீக்ரோ, மாசிடோனியா என்னும் ஆறு குடியரசுகள் சேர்ந்த கூட்டாட்சி அது. மொழியும் சமயமும் ஊருக்கு ஊர் மாறும். அப்படிப்பட்ட நாடு இந்த ஆட்டத்தில் உலகின் முன்வரிசைக்கு வந்ததற்கு முதற்காரணம் அதன் பயிற்சியாளர்களே. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு பெல்கிரேடில் கூடைப்பந்து ஆடிய நெபோய்ஷா போபோவிச், அலெக்சாந்தர் நிகோலிச், ராடோமிர் ஷாபெர், போரிஸ்லாவ் ஸ்டான்கோவிச் ஆகிய நால்வரும் பின்னர் பயிற்சியாளர்களாகவும் நிர்வாகிகளாகவும் ஆட்டத்தை வளர்த்தார்கள். கால்நடை மருத்துவம் படித்த ஸ்டான்கோவிச், 1976 முதல் 2002 வரை உலகக் கூடைப்பந்துச் சங்கத்தின் பொதுச்செயலாளராக இருந்தார்.

இளையோர் அணியை வெறும் கோப்பைக்கான அணியாக மட்டும் அவர்கள் பார்க்கவில்லை என்பதற்கு 1972ஆம் ஆண்டு அணியே சான்று. அதில் ஆடிய டிராகன் கிசானோவிச்சும் மிர்சா டெலிபாஷிச்சும் 1978இல் மணிலாவில் உலகப் பட்டத்தையும், 1980இல் மாஸ்கோவில் ஒலிம்பிக் தங்கத்தையும் வென்றார்கள். முன்னவர் செர்பியர், பின்னவர் போஸ்னியர்.

இந்த வரலாற்றின் உச்சம் 1987. 19 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டி அந்த ஆண்டு இத்தாலியின் மலையூரான போர்மியோவில் நடந்தது. பயிற்சியாளர் ஸ்வெட்டிஸ்லாவ் பெஷிச். அணியில் டோனி குகோச், டினோ ராஜா, விளாடே டிவாக், அலெக்சாந்தர் ஜோர்ஜெவிச், டியோமான் அலிபெகோவிச் எனப் பல குடியரசுப் பையன்கள். எதிரே லாரி பிரவுன் பயிற்றுவித்த அமெரிக்கா. அதில் லாரி ஜான்சன், கேரி பேட்டன் போன்றவர்கள் இருந்தார்கள்.

பிரிவு ஆட்டத்திலேயே யூகோஸ்லாவியா 110-95 என வென்றது. அன்று குகோச் 37 புள்ளிகள் எடுத்தார். மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து 12 முறை எறிந்து 11 முறை கூடையில் போட்டார். அந்தக் கோடு உலகப் போட்டிகளுக்கு வந்தே அப்போது மூன்று ஆண்டுதான் ஆகியிருந்தது, வளையத்திலிருந்து 6.25 மீட்டர் தொலைவு. இரண்டு மீட்டரைத் தாண்டிய உயரக்காரர்களை வளையத்துக்கு அடியில் நிறுத்துவதே அந்நாளைய வழக்கம். குகோச் அத்தனை உயரத்தோடு பந்தைத் தட்டிக்கொண்டு ஓடினார், பிறருக்குக் கொடுத்தார், தொலைவிலிருந்தும் எறிந்தார். இன்றைய கூடைப்பந்தில் எங்கும் காணும் ஆட்டமுறை அது. 1987இல் அதை எப்படித் தடுப்பது என்று எதிரணிக்குப் பிடிபடவில்லை. இறுதி ஆட்டத்திலும் அமெரிக்காவே எதிரே வந்தது. இம்முறை 86-76. ஒரே போட்டியில் அமெரிக்காவை இரண்டு முறை தோற்கடித்தது அந்த அணி. இதை ஒருநாள் அதிர்ஷ்டம் என்று தள்ளிவிட முடியாது. முந்தைய ஆண்டு ஆஸ்திரியாவின் குமுண்டனில் ஐரோப்பியப் பட்டம் வென்றபோதும் குகோச்சும் டிவாக்கும் சேர்ந்தே ஆடியிருந்தார்கள்.

அந்தப் பையன்கள் ஒரே நாட்டுக்காகச் சேர்ந்து ஆட வாய்த்த காலம் மிகக் குறைவு. 1991 ஜூனில் ஸ்லோவேனியாவும் குரோஷியாவும் விடுதலை அறிவித்தன, போர் மூண்டது. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் குகோச்சும் ராஜாவும் குரோஷியாவுக்காக ஆடி வெள்ளி வென்றார்கள். டிவாக், ஜோர்ஜெவிச் ஆகியோரின் நாட்டின் மீது ஐ.நா. தடை இருந்ததால் அதன் அணிக்கு அங்கே இடமே இல்லை. அலிபெகோவிச் பின்னர் ஸ்லோவேனியாவுக்கு ஆடினார். ஓர் அணி இப்படிச் சிதறியது விளையாட்டு உலகின் பெருந்துயரங்களுள் ஒன்று. முழு வளர்ச்சி பெற்ற வயதில் அவர்கள் எல்லோரும் சேர்ந்து எவ்வளவு தூரம் போயிருப்பார்கள் என்பதைக் காண யாருக்கும் கொடுத்துவைக்கவில்லை.

பயிற்சி மரபு மட்டும் எல்லைகளோடு உடையவில்லை. 1996இல் ஐரோப்பிய இளையோர் பட்டத்தைக் குரோஷியா வென்றது. 2007இல் நோவி சாட் நகரில் நடந்த 19 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் செர்பியா 74-69 என அமெரிக்காவை வீழ்த்தியது. 2015இல் அதே போட்டியில் குரோஷியா இறுதிவரை வந்து, கூடுதல் நேரத்தில் அமெரிக்காவிடம் தோற்றது.

கூடைப்பந்து பிறந்த ஸ்பிரிங்ஃபீல்ட் நகரின் புகழ் மண்டபத்தில் ராஜா 2018இலும், டிவாக் 2019இலும், குகோச் 2021இலும் இடம்பெற்றார்கள். பெஷிச் 1993இல் ஜெர்மனிக்கு ஐரோப்பியப் பட்டம் பெற்றுத் தந்தார். எழுபது வயதைக் கடந்த பிறகும் செர்பியாவின் முதன்மை அணியைப் பயிற்றுவித்து, 2023 உலகக் கோப்பையில் வெள்ளியும் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலமும் வெல்ல வைத்தார்.