எசுப்பானியத்தில் நிபந்தனை வினை

நிபந்தனை வினை என்பது எசுப்பானிய மொழியில், ஒரு நிபந்தனை நிறைவேறினால் நடக்கக்கூடிய செயலைக் குறிக்கும் வினை வடிவம் ஆகும். இதன் எசுப்பானியப் பெயர் ‘கொந்திஸியோனால்’. தமிழில் இதற்கெனத் தனி வடிவம் இல்லை. ‘வாங்குவேன்’ போன்ற எதிர்கால வினையே இப்பணியையும் செய்கிறது.

அமைப்பு

எசுப்பானிய வினைகள் அகராதி வடிவத்தில் ‘ஆர்’, ‘ஏர்’, ‘ஈர்’ என மூன்று வகையாக முடியும். பிற பெரும்பாலான காலங்களில் ஈறு நீங்கி விகுதி சேரும். இங்கே முழுச் சொல்லுடனேயே விகுதி சேரும். மூன்று வகைக்கும் விகுதிகள் ஒன்றே. ‘அப்லார்’ (பேசு) என்ற வினை பின்வருமாறு அமையும்:

- நான்: அப்லாரீயா
- நீ: அப்லாரீயாஸ்
- அவன், அவள், நீங்கள் (ஒருவர்): அப்லாரீயா
- நாம், நாங்கள்: அப்லாரீயாமோஸ்
- நீங்கள் (பலர், எசுப்பானியாவில்): அப்லாரீயாயிஸ்
- அவர்கள், நீங்கள் (பலர்): அப்லாரீயான்

இவ்வாறே ‘கோமேர்’ (உண்) கோமேரீயா என்றும், ‘பிபிர்’ (வாழ்) பிபிரீயா என்றும் வரும். அழுத்தம் எப்போதும் ‘ரீ’ மீதே விழும். முதல் வடிவமும் மூன்றாம் வடிவமும் ஒன்றாக இருப்பதால், குழப்பம் வரும் இடத்தில் ‘யோ’ (நான்), ‘எயா’ (அவள்) போன்ற பெயரைச் சேர்க்க வேண்டும். நிகழ்காலத்தில் ஒழுங்கற்ற ‘ஸேர்’ (இரு), ‘ஈர்’ (போ) ஆகியவையும் இங்கே ஒழுங்காகவே வரும்: ஸெரீயா, இரீயா.

பயன்பாடு

1. கற்பனை நிலை: ‘ஸி துபியேரா தினேரோ, கொம்ப்ராரீயா ஊனா காஸா என் அம்பத்தூர்.’ (பணம் இருந்தால் அம்பத்தூரில் வீடு வாங்குவேன்.)
2. பணிவு: ‘மே குஸ்தாரீயா உன் கஃபே.’ (ஒரு காபி கிடைத்தால் நன்றாக இருக்கும்.)
3. கடந்த காலத்திலிருந்து பார்த்த எதிர்காலம்: ‘திஹோ கே யெகாரீயா ஆ ஆவடி.’ (ஆவடிக்கு வந்து சேர்வதாகச் சொன்னாள்.)
4. கடந்த காலத்தைப் பற்றிய ஊகம்: ‘ஸெரீயான் லாஸ் ஓச்சோ.’ (அப்போது எட்டு மணி இருக்கும்.) தமிழிலும் ஊகத்திற்கு எதிர்கால வினையே வருவதால் இது எளிதில் பிடிபடும்.

தமிழர் கவனிக்க வேண்டியது

தமிழில் நிபந்தனையின் அடையாளமான ‘ஆல்’, நிபந்தனைப் பகுதியில் நிற்கிறது: ‘ரயில் வந்தால் ஏறுவேன்’. எசுப்பானியத்தில் நிபந்தனை வினை விளைவுப் பகுதியில்தான் நிற்கும். ‘ஸி’ (ஆல்) தொடங்கும் பகுதியில் அதை இடுவது பிழை. ‘ஸி தெந்த்ரீயா’ என்று வட எசுப்பானியாவின் சில பகுதிகளில் பேச்சில் கேட்கலாம். ஆனால் எழுத்திலும் தேர்விலும் ‘ஸி துபியேரா’ என்பதே சரி.

மேலும், ‘ரயில் வந்தால் ஏறுவேன்’ என்னும் ஒரே தமிழ் வாக்கியம் இரண்டு பொருள் தரும். ரயில் வரக்கூடியது என்றால் எசுப்பானியத்தில் எதிர்கால வினை (ஸுபிரே) வரும்; வர வாய்ப்பு குறைவு என்றால் நிபந்தனை வினை (ஸுபிரீயா) வரும். எனவே மொழிபெயர்க்கும் முன், ரயில் வருமா என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும்.