நடந்து திரட்டும் நிதியும் பேசப்படாத துயரமும்

2021 ஒக்டோபரில் இங்கிலாந்தின் வடமேற்கிலுள்ள கம்பிரியா மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து மூன்று தந்தையர் நடக்கத் தொடங்கினர். அன்டி எயாரி, மைக் பால்மர், டிம் ஓவன் என்போரே அவர்கள். வெவ்வேறு ஊர்களைச் சேர்ந்த இவர்களை ஒன்றிணைத்தது ஒரே விதமான இழப்பாகும். மூவரும் தத்தம் மகளைத் தற்கொலைக்குப் பறிகொடுத்தவர்கள். ஒருவர் வீட்டிலிருந்து மற்றவர் வீட்டுக்கும் அங்கிருந்து மூன்றாமவர் வீட்டுக்குமாக 300 மைல், அதாவது ஏறத்தாழ 480 கிலோமீற்றர் தூரத்தை 15 நாட்களில் கடந்து, கிழக்கே நோபோக்கில் தமது நடையை நிறைவு செய்தனர். இளையோர் தற்கொலையைத் தடுப்பதற்காக இயங்கும் 'பபைரஸ்' என்னும் தொண்டு நிறுவனத்துக்கு நிதி திரட்டுவதே அவர்களின் நோக்கமாக இருந்தது. அந்நிறுவனமும் 1997இல் பிள்ளையை இழந்த தாயொருவரின் முயற்சியால் தோன்றியதே.

அடுத்த ஆண்டு, வட அயர்லாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ் ஆகியவற்றின் சட்டமன்றங்களையும் வெஸ்ட்மினிஸ்டர் பாராளுமன்றத்தையும் இணைத்து 600 மைல் நடந்தனர். இவர்கள் திரட்டிய தொகை பத்து இலட்சம் பவுணைத் தாண்டியது. எனினும் இந்த நடையின் பெறுபேறாகப் பணத்தை மட்டும் கருதுவது பொருத்தமாகாது. வழிநெடுகிலும் இவர்களைப் போன்றே பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர் வந்து கூடவே நடந்தனர். பாடசாலைக் கல்வியில் தற்கொலைத் தடுப்பைச் சேர்க்குமாறு கோரும் மனுவில் இலட்சத்து ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பமிட, 2023 மார்ச்சில் அது பாராளுமன்றத்தில் விவாதிக்கப்பட்டது. தமது வீட்டுத் துக்கத்தை வீதிக்குக் கொண்டுவந்த மூவர், அதை ஒரு கொள்கைப் பிரச்சினையாக மாற்றிவிட்டனர் எனலாம்.

உடலை வருத்தி அறப்பணிக்கு நிதி சேர்க்கும் இவ்வழக்கம் பிரித்தானியாவில் நன்கு வேரூன்றிய ஒன்று. 1981இல் ஆரம்பமான லண்டன் மரதன் ஓட்டத்தில் தொண்டு நிறுவனங்கள் குறிப்பிட்ட எண்ணிக்கையான இடங்களை விலைகொடுத்துப் பெற்று, ஒரு குறைந்தபட்சத் தொகையைச் சேர்த்துத் தர உடன்படும் ஓட்டக்காரர்களுக்கு வழங்குகின்றன. ஓடுபவரின் உறவினரும் நண்பரும் சகபணியாளரும் அவர் பெயரால் பணம் வழங்குவர். இந்தப் பணம் பெரும்பாலும் ஓடுபவர் கைக்கு வருவதில்லை. இணையவழியே நேராக நிறுவனத்தின் கணக்குக்குச் செல்கிறது. வழங்குவோரின் நம்பிக்கைக்கு இந்த ஏற்பாடு முக்கிய காரணமாகும். 2017ஆம் ஆண்டு மரதனின் பிரதான தொண்டு முயற்சியாக உளநலத்துக்கான 'ஹெட்ஸ் டுகெதர்' இயக்கம் தெரிவு செய்யப்பட்டது. இளவரசர்கள் வில்லியமும் ஹரியும் முன்னின்ற அவ்வியக்கத்தின் நீலநிறத் தலைப்பட்டிகளை அணிந்து பலர் ஓடினர்.

நூறு மைல் நடப்பவருக்கு ஏன் பணம் கொடுக்க வேண்டும், நடக்காமலே கேட்டால் கொடுக்கலாகாதா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் உளநோயின் இயல்பை நோக்கினால் விடை ஓரளவு புலப்படும். முறிந்த கால் கண்ணுக்குத் தெரியும், மனச்சோர்வு தெரியாது. தெரியாத வேதனையொன்றின் பொருட்டு, எல்லோருக்கும் தெரியக்கூடிய வேதனையொன்றை ஒருவர் தாமாக ஏற்கும்போது, ஏன் நடக்கிறீர்கள் என்ற கேள்வி எழுகிறது. அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். பதில் சொல்லும்போது, அதுவரை வீட்டுக்குள் முணுமுணுக்கப்பட்ட சொல் வெளியே வந்துவிடுகிறது. தவிரவும், முகத்துக்கு முகம் பார்த்துப் பேச முடியாதவற்றை அருகருகே நடக்கையில் பேசுதல் எளிது. மௌனமாகவே துயரைச் சுமக்கப் பழக்கப்பட்ட ஆண்களுக்கு இது பெரிதும் பொருந்தும்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. மனவுறுதி இருந்தால் எத்தூரத்தையும் கடக்கலாம் என்ற பேச்சு இத்தகைய முயற்சிகளோடு இலகுவில் ஒட்டிக்கொள்கிறது. மனச்சோர்வு உறுதிக் குறைவால் வருவதன்று. சிகிச்சை வேண்டும் நோய் அது. படுக்கையை விட்டு எழ முடியாத நோயாளியிடம் மரதன் வீரரை உதாரணம் காட்டுவது, அவருடைய குற்றவுணர்வை மேலும் பெருக்குவதாகவே முடியும்.

எமது மக்களுக்கு நேர்த்திக்காக உடலை வருத்துவது புதிதன்று. தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து கிழக்குக் கரையோரமாக, முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில் வழியாகக் கதிர்காமம் வரை நடக்கும் பாதயாத்திரை, உலகின் எந்தத் தொண்டு நடைக்கும் குறைந்ததல்ல. பாத யாத்திரிகர் சென்றடையும் கதிர்காமத்தில் முஸ்லிம்களின் பள்ளிவாசலும் உண்டு. வேறுபாடு யாதெனில், நேர்த்தியின் காரணத்தை அடியார் தமக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம். தொண்டு நடையிலோ காரணத்தை ஊரறியச் சொல்வதே பாதிப் பணியாகும்.

தொண்டு நடையும் இந்நாடு கண்டதே. 2011 ஜூலையில் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 670 கிலோமீற்றர் தூரத்தை 27 நாட்களில் நடந்த ஒரு குழுவினர், தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை அமைப்பதற்கு நிதி திரட்டினர். 2016இல் அதே பாதையில் எதிர்த்திசையாக நடந்து, காலி கராப்பிட்டிய வைத்தியசாலையின் புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவுக்கு நிதி சேர்த்தனர். போர் முடிந்து இரண்டே ஆண்டுகளில் தெற்கிலிருந்து வடக்குக்கு நடந்து வந்தவர்களின் முயற்சியை யாரும் குறைத்து மதிப்பிட முடியாது. ஆயினும் அதே தெல்லிப்பழை வைத்தியசாலையில் உளமருத்துவப் பிரிவும் இருக்கிறது. அதன் பொருட்டு நாட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒருவர் நடப்பாரா? நடந்தால், வழியிலுள்ள ஊர்கள் அதே மனத்துடன் உண்டியலில் பணம் இடுமா?

தயங்குவதற்கான காரணங்கள் எமக்குத் தெரியாதவையல்ல. உளநோய் என்றால் மகளின் திருமணப் பேச்சு முறிந்துவிடும், குடும்பத்துக்கு இழுக்கு என்ற அச்சம் தமிழர் வீட்டிலும் உண்டு. முஸ்லிம் வீட்டிலும் உண்டு. தற்கொலையைப் பாவம் எனக் கொள்ளும் சமய நெறிகள் உயிரைக் காக்கும் நோக்குடையவை. ஆனால் அந்நெறிகளே, எஞ்சியிருக்கும் பெற்றோரை ஒதுக்குவதற்கான காரணமாகச் சில வேளைகளில் பயன்படுத்தப்படுகின்றன. சட்டமும் நீண்டகாலம் அவ்வாறே இருந்தது. தற்கொலை முயற்சி குற்றம் என்ற நிலை இங்கிலாந்தில் 1961இலும் இலங்கையில் 1998இலுமே நீக்கப்பட்டது.

1995ஆம் ஆண்டளவில் இலங்கையில் இலட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலையால் மாண்டனர். உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களுள் அது ஒன்று. அடுத்த இரு தசாப்தங்களில் இவ்வீதம் சுமார் 70 சதவீதத்தால் வீழ்ச்சியடைந்தமைக்கு, கடும் நச்சுத்தன்மை வாய்ந்த பீடைகொல்லிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டமையே முதன்மைக் காரணம் என ஆய்வாளர் கருதுகின்றனர். எந்த நடையும் இத்தனை உயிரைக் காத்திருக்க மாட்டாது. அரசின் ஒழுங்குவிதி செய்ய வேண்டியதை உண்டியல் செய்ய முடியாது என்பதை நன்கொடை கேட்போரும் கொடுப்போரும் அறிந்திருத்தல் நன்று.

உண்டியல் செய்யக்கூடியது வேறு. 1974 முதல் இலங்கையில் இயங்கும் சுமித்ரயோ, மனமுடைந்தோர் சொல்வதைத் தீர்ப்புக் கூறாது கேட்கும் தொண்டர்களைக் கொண்டது. யாழ்ப்பாணத்தில் சாந்திகம் உளவள ஆலோசனைப் பணியாற்றி வந்துள்ளது. கேட்பவருக்குப் பயிற்சி, அவர் அமர ஓர் அறை, தொலைபேசிக் கட்டணம், கிராமத்துக்குச் செல்லப் போக்குவரத்து என்பனவே இத்தகைய பணிகளின் செலவு. அன்னதானமும் ஸதகாவும் ஊறிப்போன சமூகங்களுக்கு இது தாங்க முடியாத தொகையன்று. ஆனால் நடக்கத் தொடங்குமுன் நிதி சென்றுசேரும் நிறுவனத்துடன் பேசித் தீர்மானிக்க வேண்டியவை சில உள்ளன. நடை பற்றிய செய்தியைப் படித்துவிட்டு அன்றிரவே ஒருவர் அழைத்தால், மறுமுனையில் தமிழில் கேட்க ஒருவர் இருப்பாரா? தோப்பூரிலிருந்தோ மன்னாரிலிருந்தோ அழைக்கும் பெண் தன் வீட்டார் அறியாமல் பேசுவதற்கு வழியுண்டா? நடப்பவர் தாமே அண்மையில் இழப்புக்குள்ளானவராயின், இரவில் அவருடன் தங்குவது யார்? இறந்தவரைப் பற்றி மேடையில் பேசும்போது, இறந்த முறையை விபரிப்பதைத் தவிர்ப்பதற்கு உடன்பாடு உண்டா?

தேசிய மனநல நிறுவகத்தின் உதவி இலக்கம் 1926. எந்த நடையும் தொடங்குவதற்காகக் காத்திராமல் இன்றே அழைக்கக்கூடிய இலக்கம் அது.