டிரெயினிங் போன டீச்சரிடம் என்ன கேட்கலாம்?

ஏழாம் வகுப்புப் பையன். கணக்கை மனதிலேயே போட்டுவிடுவான்; ஒரு பத்தி வாசிக்கச் சொன்னால் வியர்த்துப்போவான். "மண்டையில ஏறல" என்பார் அப்பா. இது கற்றல் குறைபாடாக இருக்கலாம் என்று சொல்ல அந்தக் கிராமத்துப் பள்ளியில் யாரும் இல்லை.

2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மாணவர் மனநலத்துக்காக நெறிமுறை ஒன்றை வகுத்தது. 100 மாணவர்களும் அதற்கு மேலும் உள்ள கல்வி நிறுவனங்களில் தகுதியுள்ள ஆலோசகரோ உளவியலாளரோ சமூகப் பணியாளரோ ஒருவராவது வேண்டும். சிறிய பள்ளிகள் வெளி நிபுணரோடு முறையான தொடர்பு வைத்திருக்க வேண்டும். பணியாளர்களுக்கு ஆண்டுக்கு இருமுறை பயிற்சியும் உண்டு. கிராமத்தில் அந்தத் தொடர்புக்குப் பாலமாகப்போவது பெரும்பாலும் உள்ளூர் டீச்சர்தான்.

நல்லதுதான். யார் அப்பா திருப்பூரில் இருக்கிறார், எந்த வீட்டில் குடி என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். சிக்கலும் அங்கேதான். பிள்ளை மதியம் சொன்னது சாயங்காலம் குழாயடிக்கு வந்துவிட்டால், அது மறுபடி வாய் திறக்காது. சொன்னது யார் யாருக்குத் தெரியும், எழுதிய குறிப்பு எங்கே இருக்கும் என்று பெற்றோர் முதலிலேயே கேட்டுவிடலாம்.

ஆனால் பாலியல் துன்புறுத்தலை ரகசியமாக வைக்க டீச்சருக்கு உரிமை கிடையாது. போக்சோ சட்டம், 2012-இன் 19-ஆம் பிரிவுப்படி காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. 'ஊருக்குள்ளேயே பேசி முடிச்சுக்கலாம்' என்பவர்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

சில நாள் பயிற்சி யாரையும் உளவியலாளர் ஆக்கிவிடாது. கவனிப்பது, காது கொடுப்பது, உரிய இடத்துக்கு அனுப்புவது, இவ்வளவுதான் டீச்சர் வேலை. 'இவனுக்கு டிஸ்லெக்ஸியா' என்று பெயர் சூட்டுவதோ மாத்திரை சொல்வதோ அல்ல. கற்றல் குறைபாடு 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இருக்கிறது. மாவட்ட அரசு மருத்துவமனையில் காட்டிச் சான்று வாங்கினால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகை கேட்கலாம். பத்தாம் வகுப்பு வரை காத்திருக்க வேண்டாம்.

வாசிக்கத் திணறும் பிள்ளையை அடிப்பதும் வகுப்பில் வைத்து அவமானப்படுத்துவதும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி தடை. மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தில் புகார் தரலாம். ஆபத்தென்றால் 1098, மனச்சோர்வோ தற்கொலை எண்ணமோ என்றால் 14416. இரண்டும் இலவசம், இரவிலும் எடுப்பார்கள். காலை உணவுப் பட்டியல் எழுதும் சுவரில் இந்த எண்களுக்கும் இடமிருக்கிறது.